சகோதரி ரட் பேச அனுமதி கேட்டார்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
19 ஒக்ரோபர் 1997

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சபையாரும் அங்கே பத்திரமாக இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறோம். ஓகஸ்ட் மாதம் மல்லாவியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் சென்ற வாரம்தான் கிடைத்தது. கொழும்பில் நமது சிநேகிதி ரதி அதை வேறு உறையில் போட்டு அனுப்பியிருந்தார். இதையும் ரதியின் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வவுனியாவுக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பழைய அளவு என்னிடம் இருந்தது. செய்வித்துத் தனிப் பொதியாக அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்ட பாட்டுப் புத்தகங்கள் பாரம் கூட. இப்போதைக்கு ஆறு மட்டும் வைத்திருக்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பதினேழாம் மாடி என்பதால் காற்று ஜன்னலை ஆட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். நிரோஷினி ஒன்பதாம் வகுப்பு. உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். டிலானிக்கு ஏழு வயது முடிந்தது. தமிழ் எழுத்துகளில் பாதி தெரியும். மீதிக்கு நான் நேரம் பிடிக்கவேண்டும். எங்கள் அகதி விசாரணை இந்த வெள்ளிக்கிழமை. பயப்பட ஒன்றுமில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பழக்கம்தான்.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலையில் ஒரு குழந்தைகள் டே கெயாரின் சமையலறையில் நிற்கிறேன். வாரத்தில் இரண்டு பின்னேரம் ஆலய மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறேன். நமது தமிழ்ச் சபை ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிற அந்தப் பழைய பப்ரிஸ்ற் ஆலயம்தான். அங்கே செப்ரெம்பரிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

வருகிற மே மாதத்துடன் அந்த ஆலயத்துக்கு நூற்றைம்பது வயது. ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். அலுவலகத்தைப் பார்க்கிற மிஸிஸ் பார்க்கர் படிக்கட்டின் கீழ் இருந்த ஒரு தகரப் பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் பழைய கடிதங்களும் குறிப்பேடுகளும். அந்தக் காலத்துக் கூட்டெழுத்து. அவருடைய கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் நிலத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது நின்று ஒரு வரியை வாசித்துக் காட்டினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்கள் விரலில் அடித்து அடித்து அந்த எழுத்தை எழுதவைத்த ரீச்சரை அன்று நினைத்தேன். மிஸிஸ் பார்க்கர் என்னைப் பார்த்து, இலங்கையில் என்ன செய்தாய் என்று முதல் தடவையாகக் கேட்டார். ஆங்கில ஆசிரியை என்றேன். கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். போதகர் என்றேன். துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

பெட்டி ஒரு பெண்ணுடையது. பெயர் ஜெமைமா ரட். இந்த ஆலயத்தின் இரண்டாவது போதகர் ஜொசையா ரட் என்பவரின் மனைவி. 1826இல் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் பிறந்தவர். தகப்பன் குதிரைச் சேணம் தைக்கிறவர். இருபத்து மூன்று வயதில் திருமணம். மூன்றாவது வாரமே கப்பல் ஏறினார்கள். ஏழு வாரக் கடற்பயணம். முதல் குறிப்பேடு கப்பலில் தொடங்குகிறது. "மிஸ்டர் ரட் இருபத்தொரு பேருக்குப் பிரசங்கித்தார். நான் படுத்திருந்தேன்." இதுதான் முதல் பதிவு. நெடுகக் கணவரை மிஸ்டர் ரட் என்றுதான் எழுதுகிறார்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றிரண்டு வரிதான். வெயிலா பனியா, எத்தனை ரொட்டி சுட்டார், யார் வீட்டுக்கு வந்தார்கள். போதகருக்கு இந்த நகரச் சபையோடு வடக்கே நான்கு சின்னச் சபைகளும் பொறுப்பு. குதிரையில் போவார். மாதத்தில் இரண்டு வாரம் வீட்டில் இருப்பார். அவர் சோம்பேறியும் இல்லை, கெட்டவரும் இல்லை. இதை முதலே எழுதிவிடுகிறேன். சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு எழுத்துப் படிப்பித்திருக்கிறார். போட்டிருந்த மேலங்கியை வழியில் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சனம் அவர்மேல் உயிராக இருந்திருக்கிறது.

நான் இதுவரை வாசித்ததில் ஜெமைமாவுக்கு ஒன்பது பிரசவம். இரண்டு பிள்ளைகள் பிறந்தவுடன் தவறிவிட்டன. ஒன்பதில் ஐந்துக்குக் கணவர் ஊரில் இல்லை. அதையும் ஒரு வரியில்தான் எழுதுகிறார். "காலை பத்து மணிக்கு மகன். மிஸ்டர் ரட் வடக்கே."

நூறு வருடத்துக்கு முன் இந்தச் சபை ஒரு வரலாறு அச்சிட்டிருக்கிறது. அதில் ஜெமைமாவுக்கு ஒரே ஒரு வசனம். தன் கணவரைக் கர்த்தருடைய வேலைக்கு மகிழ்ச்சியோடு ஒப்புக்கொடுத்த உத்தம துணைவி. அந்த வசனத்தை இரண்டு பந்தியாக விரித்து எழுதித் தரும்படி மிஸிஸ் பார்க்கர் கேட்டிருக்கிறார். நான் இதுவரை வாசித்தது பதினான்கு வருடக் குறிப்புகள். மகிழ்ச்சி என்ற சொல்லை ஒரு இடத்தில்தான் கண்டேன். அது ஒரு பசு வாங்கிய நாள்.

பிள்ளைகள் இருவரும் முத்தம் தருகிறார்கள். கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
நேசமலர்


25 ஜனவரி 1998

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

சுகம். உங்களுக்கும் அவ்வாறே ஆகுக. நத்தாருக்கு முன்னர் உங்களிடமிருந்து ஏதாவது வரும் என்று பார்த்திருந்தோம். சண்டையால் பாதை மூடியிருக்கிறது என்று ரதி எழுதினார்.

எங்கள் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. விசாரணை நாற்பது நிமிடம்தான். வவுனியாவில் எங்களை லொறியில் ஏற்றிவிட்டு உங்கள் கணவர் ஏன் திரும்பிப் போனார் என்று கேட்டார்கள். அவருடைய சபை அங்கே இருக்கிறது என்றேன். அவர் எப்போது வருவதாகச் சொன்னார் என்று கேட்டார்கள். ஆறு மாதத்தில் என்றேன். அது எப்போது என்று கேட்டார்கள். சொன்னேன். ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விசாரித்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இனி நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து நூற்றெண்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் இருபத்திரண்டுக்குள். குடும்பத்தவரை அதிலேயே சேர்த்துவிட வேண்டும். பிந்தினால் வழி வேறு, காலமும் நீளும். உங்கள் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். என்னால் நிரப்ப முடிந்ததை நிரப்பியிருக்கிறேன். கையெழுத்து நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ஜெமைமாவின் கதையை விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இது வாசிக்கச் சிரமமான பகுதி.

1863 ஜனவரியில் இந்த நகரத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. அப்போது அவருக்கு ஏழு பிள்ளைகள். போதகர் வடக்கே சிம்கோ ஏரிப் பக்கம் எழுப்புதல் கூட்டங்களுக்குப் போயிருந்தார். முதலில் விழுந்தது சாமுவேல். ஒன்பது வயது. ஜெமைமா ஆள் அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது. அந்தக் கடிதம் பெட்டியில் இருக்கிறது. பதினெட்டுப் பேர் ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிறார்கள், அடுத்த ஞாயிறு முடிந்ததும் புறப்படுவேன், பிள்ளையைக் கர்த்தருடைய கரத்தில் விட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குத் தெரியும், அவர்களுடையது முழுக்கு ஞானஸ்நானம். ஏரி உறைந்திருந்தது. பனிக்கட்டியை மரம் அரிகிற வாளால் அறுத்துத் தண்ணீரைத் திறந்து, அதற்குள் இடுப்பளவில் நின்று பதினெட்டுப் பேருக்கும் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்த அன்று காலை சாமுவேல் இறந்துவிட்டான். இரண்டாவது ரூத். ஆறு வயது. தொற்று நோய் என்பதால் சபையில் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த மிஸிஸ் டொய்ல் என்ற ஐரிஷ் கத்தோலிக்கப் பெண் மட்டும் வந்தார். அவர்தான் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுப்புப் போட்டுவிட்டார். மற்ற நான்கு பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவைத்தார். போதகர் வீட்டில் கத்தோலிக்கத் திரி எரிந்தது பற்றிப் பிறகு ஒரு மூப்பர் முறையிட்டிருக்கிறார். அதுவும் சபையின் கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

போதகர் வந்து சேர்ந்தபோது இரண்டு அடக்கம் முடிந்திருந்தது. நோயில் விழுந்தவர்களில் மூன்று வயது பீபி மாத்திரம் உயிரோடிருந்தாள். அவள் அவருடைய மடியில் போனாள். பதினொரு நாளில் மூன்று பிள்ளைகள்.

குறிப்பேட்டில் அந்தப் பதினொரு நாளுக்கும் வரிகள் இருக்கின்றன. நான் எதிர்பார்த்தது எதுவும் அங்கே இல்லை. பனி எத்தனை அங்குலம், தச்சன் எப்போது வந்தான், மூன்றாவது பெட்டிக்குப் பலகை போதவில்லை. நிரோஷினி எனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிவிட்டு, "அம்மா, உவ சரியான கோபத்தில இருந்திருக்கிறா, தாளே கிழியப் பாத்திருக்கு" என்றாள். நானும் தடவிப் பார்த்தேன். பேனை அழுந்திய தடம் மறுபக்கத்தில் புடைத்துக்கொண்டு நின்றது.

பிறகு எட்டு வருடம் வழக்கம்போல. 1870இல் கடைசிப் பிள்ளை எஸ்தர் பிறந்தாள். அடுத்த வருடம் போதகருக்கு மேற்கே மனிற்றோபாப் பக்கம் ஊழியத்துக்கு அழைப்பு வந்தது. புதிதாகக் குடியேறிய இடம், போதகரே இல்லை. அவர் போக விரும்பினார். பப்ரிஸ்ற் சபைகளில் போதகரை விடுவிக்க அங்கத்தவர்கள் கூடி வாக்களிக்க வேண்டும். பெண்களும் அங்கத்தவர்கள்தான், ஆனால் பேசும் வழக்கம் இல்லை. 1871 மார்ச் ஒன்பதாம் திகதிக் கூட்டத்தைச் செயலாளர் எழுதி வைத்திருக்கிறார். நான் மொழிபெயர்த்துத் தருகிறேன்.

"சகோதரி ரட் பேச அனுமதி கேட்டார். அனுமதி வழங்கப்பட்டது. தன் கணவரை விடுவிக்க வேண்டாம் என்று தான் கேட்கவில்லை எனவும், அழைப்பு உண்மையானது என்று தானும் நம்புவதாகவும் கூறினார். ஆனால் தானும் பிள்ளைகளும் அவரோடு போகப்போவதில்லை எனவும், இந்த நகரத்தில் தனக்கு மூன்று கல்லறைகள் இருப்பதாகவும், நான்காவதை வேறிடத்தில் தோண்டத் தனக்கு மனமில்லை எனவும் கூறினார். போதகர் வீட்டைப் புதிய போதகருக்குக் கொடுக்கும்போது தானும் ஐந்து பிள்ளைகளும் எங்கே இருப்பது என்பதைச் சபை இன்றே தீர்மானிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். சகோதரன் ரட் எழுந்தார். பேசாமல் அமர்ந்தார்."

விடுவிக்க இருபத்து மூன்று வாக்கு, எதிராகப் பதினொன்று. போதகரைப் போகவிட்டார்கள். ஆலயத்தின் பின்னால் இருந்த இரண்டு அறைகளை ஜெமைமாவுக்குக் கொடுத்தார்கள். கட்டிடத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும் அடுப்புகளை மூட்டுவதும் அவர் பொறுப்பு. அந்த இரண்டு அறையும் இன்னும் இருக்கின்றன. நான் துடைப்பமும் வாளியும் வைக்கிறது அங்கேதான்.

இனி ஒரு விஷயம். வேறு ஒருவர் மூலம் உங்களுக்குத் தெரியவரமுன் நானே எழுதிவிடுகிறேன். புதுவருடத்தின் முதல் ஞாயிறுக்கு ஜெயசிங்கம் அண்ணை என்னை ஆராதனையில் எழும்பிச் சாட்சி சொல்லக் கேட்டார். நமது தமிழ்ச் சபையின் மூப்பர் அவர், உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். "போதகரைக் கர்த்தருக்கெண்டு குடுத்திட்டுத் தனிய நிக்கிறீங்கள், அதைப்பற்றி ரெண்டு வார்த்தை சொன்னால் சனத்துக்குப் பலமா இருக்கும்" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அன்று ஆராதனையில் எனக்குச் சொல்லாமலே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். நூற்றிருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் இல்லை. "நான் ஒருத்தரையும் குடுக்கேல்லை. அவர் தானா நிண்டவர். அவர் சுகமா இருக்க எல்லாரும் மன்றாடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்து இருந்துவிட்டேன்.

பிறகு தேத்தண்ணீர் நேரத்தில் என்னோடு ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. அஜக்ஸிலிருந்து வருகிற யோகராணி மட்டும் பக்கத்தில் வந்து நின்று, என் கையில் ஒரு ரோல்ஸைத் தந்து, சாப்பிடுங்கோ என்றார். ஜெயசிங்கம் அண்ணை அடுத்த வாரமும் வணக்கம் சொன்னார். முகம் சரியில்லை.

உங்களுக்கு இது வெட்கமாக இருக்கலாம். நான் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் நினையுங்கள்.

படிவத்தில் பச்சைக் கோடு போட்ட இடத்தில் கையெழுத்து. திகதி போட மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மனைவி,
நேசமலர்


19 ஏப்ரல் 1998

அன்பான அத்தானுக்கு,

உங்கள் படிவம் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நாள் தப்பவில்லை.

உறைக்குள் படிவம் மட்டும்தான் இருந்தது. கடிதம் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கையெழுத்து உங்களுடையதுதான், ஆனால் கோட்டில் நிற்காமல் கீழே சரிந்துபோய் இருக்கிறது. அப்பாவுக்கு என்ன நடந்தது என்று நிரோஷினி கேட்டாள். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். படிவத்தைக் கொண்டுவந்தது ஒரு தாதி என்றும், உங்களுக்கு மலேரியா வந்து மூன்று கிழமை படுக்கையில் இருந்தீர்கள் என்றும், இப்போது எழும்பி நடக்கிறீர்கள் என்றும் ரதி சொன்னார். தாயும் தகப்பனும் இல்லாத பன்னிரண்டு பிள்ளைகளை உங்கள் ஓலைக் கொட்டிலில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றும் அந்தத் தாதி சொன்னாராம். காய்ச்சலும் எனக்குத் தெரியாது, பிள்ளைகளும் தெரியாது. இரண்டையும் நீங்கள் எழுதவில்லை.

மலர் அச்சுக்குப் போய்விட்டது. நான் எழுதிக்கொடுத்ததில் 1871ஆம் ஆண்டுக் கூட்டத்தையும் சேர்த்திருந்தேன். குழுவில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. கொண்டாட்ட மலரில் வீட்டுச் சண்டை எதற்கு என்று கேட்டாராம். அந்தப் பகுதியை எடுத்துவிடச் சம்மதமா என்று மிஸிஸ் பார்க்கர் என்னிடம் கேட்டார். அப்படியானால் என்னுடைய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், பழைய வசனத்தையே போடுங்கள் என்றேன். அவர் அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கூட்டக் குறிப்பேட்டையே தூக்கிக்கொண்டு போய், இது சபையின் சொத்து, இதில் இருப்பதை அச்சிட நாங்கள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எழுபத்தாறு வயது. அவர் சத்தம் போட்டதை ஒருவரும் முன்பு கேட்டதில்லையாம். அந்தப் பக்கத்தை அப்படியே போடுகிறார்கள், விளக்கம் எதுவும் இல்லாமல். கீழே சின்ன எழுத்தில் பிரதி எடுத்தவர் என். அலெக்ஸாண்டர் என்று என் பெயர் வரும். அவர் எந்தச் சபைப் போதகர் என்று ஒருவர் விசாரித்தாராம்.

ஜெமைமாவின் மீதிக் கதையையும் எழுதி முடிக்கிறேன்.

இரண்டு வருடம் என்று போன போதகர் ஆறு வருடத்துக்குப் பிறகு வந்தார். 1877 நவம்பர். இரண்டு கால்விரல் குளிரில் போய்விட்டது, மார்பில் இருமல். குறிப்பேட்டில் "மிஸ்டர் ரட் வந்தார். துணி காயவில்லை" என்று மட்டும் இருக்கிறது. மிச்சத்தை எஸ்தர் தன் வயதுபோன காலத்தில் இந்தச் சபைக்கு எழுதிய கடிதத்திலிருந்து அறிந்தேன். கதவைத் திறந்தது அவள்தான். ஏழு வயது. ஆளைத் தெரியவில்லை. அம்மா பின்னால் துணி தோய்க்கிறா, இருங்கள் என்று சொல்லிக் கதிரை போட்டிருக்கிறாள். அவரும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளிபோல இருந்திருக்கிறார். ஜெமைமா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்று பார்த்தார். திரும்பிப் போனார். கையில் இருந்த படுக்கை விரிப்பைப் பிழிந்து முடித்துவிட்டு வந்து, நிலத்தில் இருந்து, அவருடைய சப்பாத்தைக் கழற்றினார்.

அதன்பிறகு ஒன்பது வருடம் ஒன்றாக இருந்தார்கள். அந்த இரண்டு அறையில்தான். ஜெமைமா ஏற்கெனவே அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். அதை நிறுத்தவில்லை. போதகர் உருளைக்கிழங்கு தோல் சீவினார், எஸ்தருக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்தார், முடிந்த ஞாயிறுகளில் பிரசங்கித்தார். 1886இல் காலமானார். அவரைப் பிள்ளைகளின் கல்லறைகளுக்கு இடப்பக்கத்தில் வைத்தார்கள். ஜெமைமா இன்னும் பதினேழு வருடம் இருந்தார். தன்னை வலப்பக்கத்தில் வைக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். உயிர்த்த ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் போய்ப் பார்த்தேன். நடுவில் மூன்று சின்னக் கற்கள், பெயர்கள் அரைவாசி அழிந்துவிட்டன. டிலானி புல்லை விலக்கி ஒவ்வொன்றாகத் தடவி வாசித்தாள்.

பெட்டியின் அடியில் ஒரு கடிதம் இருந்தது. மனிற்றோபாவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் ஜெமைமாவுக்கு எழுதியது. போதகர் இன்னும் அங்கே இருந்த காலம். உங்கள் கணவர் எங்கள் வீட்டில் பதினாறு நாள் இருந்தார், நாங்கள் எல்லோரும் காய்ச்சலில் கிடந்தபோது என் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் தண்ணீர் கொடுத்தார், ஒருத்தி பிழைத்தாள் என்று எழுதியிருக்கிறாள். பிறகு இப்படி இருக்கிறது. "அவர் எங்களுக்குத் தன் நேரத்தைத் தந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது யாருடைய நேரம் என்று எனக்குத் தெரியும்." இந்த ஒரு கடிதம்தான் மடிப்பில் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தை ஜெமைமா வெள்ளை நூலால் தைத்து வைத்திருக்கிறார்.

அதை வாசித்தபிறகு எனக்கு உங்கள்மேல் இருந்த கோபத்தை வைத்துக்கொள்ளக் கஷ்டமாகிவிட்டது. இல்லாமல் போய்விட்டது என்று எழுதமாட்டேன்.

இனிச் செய்ய வேண்டியது. விண்ணப்பம் பதிவாகி, உங்களைக் கொழும்புக்கு மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகலாம். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் அவர்களுக்கு ஓர் இடம் பாருங்கள். அவர்களுடைய பெயரையும் வயதையும் எனக்கு எழுதுங்கள். மன்றாடும்போது பெயர் சொல்லி மன்றாட வேண்டும். வவுனியாவில் பொறுப்பெடுக்கக்கூடிய இல்லங்களை ரதி விசாரிக்கிறார். எனக்குச் செப்ரெம்பரில் உதவி ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாலை வகுப்பு. நிரோஷினி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வாள்.

ஜெமைமா மேற்கே கணவருக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளையும் வாசித்து முடித்துவிட்டேன். ஆறு வருடத்துக் கடிதங்கள். விறகு, பள்ளிக்கூடம், எஸ்தருக்குப் பல் விழுந்தது, எல்லாம் இருக்கிறது. சபை முழுவதற்கும் முன்னால் எழும்பி நின்று பேசிய பெண், அவரை வரச்சொல்லி ஓரிடத்திலும் எழுதவில்லை. தேடிப் பார்த்தேன். ஏன் எழுதவில்லை என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் உங்களுக்கு இந்த இரண்டு வருடமும் எழுதியவற்றை நினைத்துப் பார்த்தேன். பத்திரம் என்று எழுதினேன். மன்றாடுகிறோம் என்று எழுதினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று எழுதினேன். படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்று பச்சைக் கோடு போட்டுக்கூட அனுப்பினேன்.

கர்த்தர் உங்கள் உடம்புக்குச் சுகம் தருவாராக. உங்கள் பொறுப்பில் இருக்கிற பன்னிரண்டு பேரையும் அவரே காப்பாராக.

வாங்கோ.

நேசமலர்